அத்தியாயம் 4: மக்களவைத் தேர்தலுக்கு அசோக் நகர் வாக்காளர் தயாராவது எப்படி?

2024 மார்ச் 16, சனிக்கிழமை பிற்பகல். தேர்தல் ஆணையம் மக்களவைத் தேர்தல் தேதிகளை அறிவித்தது. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் ஒரே நாளில், ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு. மனுத் தாக்கலுக்குக் கடைசி நாள் மார்ச் 27. அந்தக் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்புவரை வந்து சேர்ந்த விண்ணப்பங்களைத்தான் அந்தத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலில் சேர்ப்பார்கள். கணக்குப் போட்டால் மார்ச் 17 வருகிறது. அதாவது தேதி அறிவித்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை.

தொலைக்காட்சியில் தேதியைப் பார்த்துவிட்டு, "சரி, நம்ம பேர் இருக்கான்னு பார்க்கணும்" என்று நினைத்தவருக்கு ஒரே ஒரு நாள்தான் மிச்சம் இருந்தது. ஏப்ரல் மாதம் பூத் வாசலில் வாக்காளர் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, "அட்டை இருக்கே, ஏன் போட விட மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டவர்களில் பலர் அந்த ஒரு நாளைத் தவறவிட்டவர்கள். அட்டை என்பது நீங்கள் யார் என்று காட்டும் சான்று மட்டுமே. ஓட்டுப் போடும் உரிமையைத் தருவது பட்டியலில் உள்ள பெயர். அட்டை தொலைந்தாலும் வேறு ஆவணத்தைக் காட்டி ஓட்டுப் போடலாம். பெயர் இல்லாவிட்டால் பத்து ஆவணங்களைக் காட்டினாலும் பயனில்லை. இந்த அத்தியாயத்தில் வேறு எதுவும் மனதில் நிற்காவிட்டாலும் இது நிற்க வேண்டும்.

தென் சென்னைத் தொகுதியில் 2024இல் சுமார் 20 லட்சம் வாக்காளர்கள். வாக்களித்தவர்கள் ஏறக்குறைய 54 சதவீதம். மாநிலம் முழுவதற்கும் அது 69 சதவீதத்தைத் தாண்டியது, தருமபுரியில் 81. தி.மு.க.வின் தமிழச்சி தங்கபாண்டியன் 5.16 லட்சம் வாக்குகள் பெற்று, பா.ஜ.க.வின் தமிழிசை சௌந்தரராஜனை 2.25 லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் வென்றார். அ.தி.மு.க.வின் ஜெயவர்தன் மூன்றாம் இடம். ஓட்டே போடாமல் இருந்தவர்கள் 9 லட்சம் பேருக்கு மேல். வென்றவர் வாங்கிய வாக்குகளைவிட அது மிக அதிகம். நகரத்து மக்களுக்குச் சோம்பேறித்தனம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த 9 லட்சத்தில் வீடு மாறியும் பெயரை மாற்றாதவர்கள், மகனோடு வெளிநாட்டில் இருப்பவர்கள், இறந்தும் பெயர் நீக்கப்படாதவர்கள், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர்கள் எல்லாருமே அடக்கம். பட்டியல் ஒழுங்காக இருந்தால் அந்தச் சதவீதமே வேறாகத் தெரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் தொகுதி எது?

அசோக் நகர் 1960களில் வீட்டு வசதி வாரியம் மனை பிரித்து உருவாக்கிய பகுதி. அவென்யூக்களுக்கு எண் வைத்து, நடுவே நான்கு சிங்கங்களோடு அசோகர் தூணை நிறுத்தினார்கள். பஸ் கண்டக்டருக்கு அது அசோக் பில்லர். இந்தத் தூணைச் சுற்றியுள்ள தெருக்கள் எல்லாம் ஒரே சட்டமன்றத் தொகுதி என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் தெரு தியாகராய நகர் தொகுதியில் இருக்கலாம். கொஞ்சம் தள்ளியிருக்கும் நண்பரின் தெரு விருகம்பாக்கத்தில் இருக்கலாம். மக்களவைக்கு எந்தச் சந்தேகமும் வேண்டாம்: விருகம்பாக்கம், சைதாப்பேட்டை, தியாகராய நகர், மயிலாப்பூர், வேளச்சேரி, சோழிங்கநல்லூர் ஆகிய ஆறும் சேர்ந்ததுதான் தென் சென்னை. எண் 3.

பிறகு ஏன் சட்டமன்றத் தொகுதியைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்? மக்களவைத் தேர்தலுக்கென்று தனிப் பட்டியல் கிடையாது. சட்டமன்றத் தொகுதிவாரியாகத் தயாரிக்கும் பட்டியலே மக்களவைக்கும் பயன்படுகிறது. ஆகவே இணையத்தில் தேடினாலும் அலுவலகத்தில் கேட்டாலும் உங்களுக்குத் தேவை மூன்று விவரங்கள்: சட்டமன்றத் தொகுதி, பாகம் எண், வரிசை எண். பாகம் எண் என்பது உங்கள் வாக்குச்சாவடிக்கான பட்டியலின் எண். ஒவ்வொரு திருத்தத்திலும் வரிசை எண் மாறக்கூடும் என்பதால் போன தேர்தலில் எழுதி வைத்ததை நம்ப வேண்டாம்.

வீடு மாறுபவர்கள் கவனிக்க வேண்டிய எல்லைகள் உண்டு. அசோக் நகரிலிருந்து மேற்கு மாம்பலத்துக்கோ கே.கே. நகருக்கோ போனால் எம்.பி. மாற மாட்டார். நுங்கம்பாக்கம் போனால் ஆயிரம் விளக்கு சட்டமன்றத் தொகுதி வழியாக மத்திய சென்னைக்குப் போய்விடுகிறீர்கள். வளசரவாக்கம் போனால் மதுரவாயல், அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதி. அடையாற்றைத் தாண்டி ஆலந்தூர் போனாலும் ஸ்ரீபெரும்புதூர்தான். ஆட்டோவில் பத்து நிமிடத் தூரம். வேட்பாளர் பட்டியலே வேறு.

பெயரைச் சேர்ப்பது, மாற்றுவது, நீக்குவது

படிவம் 6: முதல்முறை சேர்ப்பவர்களுக்கு. படிவம் 8: வீடு மாறியவர்களுக்கு, பெயர், வயது, முகவரி, புகைப்படத்தில் பிழை திருத்த, தொலைந்த அட்டைக்கு மாற்று அட்டை பெற. படிவம் 7: இறந்தவர் அல்லது நிரந்தரமாகக் காலி செய்துகொண்டு போனவர் பெயரை நீக்க. படிவம் 6ஏ: வெளிநாட்டில் வேலைக்கோ படிப்புக்கோ போயிருக்கும் இந்தியக் குடிமக்களுக்கு. முன்பு வேறு தொகுதிக்கு மாறினால் படிவம் 6 நிரப்பச் சொல்வார்கள். 2022 முதல் எந்தத் தொகுதிக்கு மாறினாலும் படிவம் 8 போதும். இன்னும் பழைய நினைப்பில் படிவம் 6 கொடுத்து, இரண்டு இடத்தில் பெயர் ஏறிச் சிக்கலில் மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் பெயர் ஒரே இடத்தில்தான் இருக்கலாம். தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1950 இடம் தருகிறது.

வாடகைக்கு இருப்பவர்கள் அசோக் நகரில் ஏராளம். அவர்கள் மனதில் ஒரு தயக்கம் உண்டு: "சொந்த வீடு ஊர்ல இருக்கு, ஓட்டும் அங்கேயே இருக்கட்டும்." சட்டம் கேட்பது சொந்த வீட்டை அல்ல, வழக்கமாக வசிக்கும் இடத்தை. ஓர் ஊரில் வீடு இருப்பதால் மட்டும் ஒருவர் அந்த ஊரில் வசிப்பவர் ஆகிவிட மாட்டார் என்று அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. திருநெல்வேலியில் வீடு, பதினைந்து வருடமாக 7ஆவது அவென்யூவில் குடித்தனம் என்றால் உங்கள் ஓட்டு இங்கேதான் இருக்க வேண்டும். சினிமாவில் உதவி இயக்குநராக வேண்டும் என்று வந்து, கோடம்பாக்கம், வடபழனி, அசோக் நகர் சந்துகளில் நான்கு பேர் ஓர் அறையில் தங்கியிருக்கும் தம்பிகளுக்கும் இதே விதிதான். அறையில் தங்குகிறவர் என்பதற்காக யாரும் மறுக்க முடியாது.

முகவரிச் சான்றுக்கு வாடகை ஒப்பந்தம் தரலாம், ஆனால் அது பதிவு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரியிடம் முத்திரை வாங்கிய பதினோரு மாத ஒப்பந்தம் செல்லுபடியாகாது. நம் தெருக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு ஒப்பந்தங்கள் அப்படிப்பட்டவைதானே. மின் கட்டண அட்டை வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். ஆகவே எளிய வழி: வீடு மாறியதும் முதலில் ஆதார் முகவரியை மாற்றுங்கள், அல்லது வங்கிக் கணக்குப் புத்தகத்தில் புதிய முகவரியைப் பதியச் சொல்லுங்கள். அந்த இரண்டில் ஒன்று கையில் வந்தபின் படிவம் 8 கொடுத்தால் பிரச்சினையே வராது.

பதினெட்டு வயது ஆக வேண்டிய தேதி இப்போது வருடத்துக்கு நான்கு: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. பதினேழு முடிந்தவர்களே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். வயது நிரம்பும் காலாண்டில் பெயர் ஏறும். இப்போதைய 18ஆவது மக்களவை முதன்முறை கூடியது 2024 ஜூன் 24. முன்னதாகக் கலைக்கப்படாவிட்டால் அடுத்த தேர்தல் 2029இல் வரும். 2011 ஜனவரி 1 அன்றோ அதற்கு முன்போ பிறந்த பிள்ளைகள் எல்லாரும் அதற்குள் தகுதி பெற்றுவிடுவார்கள். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், பதினேழாவது பிறந்தநாள் கழிந்த வாரமே படிவத்தை நிரப்ப வையுங்கள். பிளஸ் டூ தேர்வு, கல்லூரிச் சேர்க்கை என்று ஓடத் தொடங்கிவிட்டால் அப்புறம் கையில் பிடிக்க முடியாது.

விண்ணப்பத்தைத் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்திலோ செயலியிலோ கொடுக்கலாம். இணையம் ஒத்து வராதவர்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம், அதாவது பி.எல்.ஓ.விடம் கொடுக்கலாம். திருத்தப் பணி நடக்கும் காலத்தில் சனி, ஞாயிறுகளில் வாக்குச்சாவடிப் பள்ளியிலேயே சிறப்பு முகாம் போடுவார்கள். சென்னை மாவட்டத்துக்கு மாநகராட்சி ஆணையரே மாவட்டத் தேர்தல் அதிகாரி. அசோக் நகர் கோடம்பாக்கம் மண்டலத்தில் வருகிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1950 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எந்த வழியில் கொடுத்தாலும் ஒப்புகை எண்ணை வாங்கி வையுங்கள். நிராகரித்தால் 15 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் ஆகாவிட்டால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். ஒப்புகை எண் இல்லாமல் இந்தப் படிகளில் ஏறவே முடியாது.

பி.எல்.ஓ. வாசலுக்கு வரும்போது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெயர்கள் காணாமல் போவது பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

பகல் பதினொன்றரை மணி. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் பி.எல்.ஓ. அம்மா நிற்கிறார். அங்கன்வாடி ஊழியராகவோ மாநகராட்சி ஊழியராகவோ இருப்பார். தன் வழக்கமான வேலைக்கு மேல் இதையும் செய்கிறார். கையில் பட்டியல்.

"அண்ணே, இரண்டாவது மாடியில கோமதின்னு ஒருத்தங்க, இருக்காங்களா?"

வாட்ச்மேன் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அவருக்குத் தெரிந்தது பிளாட் எண்ணும் வண்டி எண்ணும். "கோமதியா? அப்படி யாரும் இல்லையேம்மா. செகண்ட் ப்ளோர்ல ஒரு டாக்டர் அம்மா இருக்காங்க, அவ்வளவுதான்."

கோமதிதான் அந்த டாக்டரின் மாமியார். உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறார். பட்டியலில் ஒரு குறிப்பு விழுகிறது.

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எல்லாருக்கும் தெரிந்தது. வீடு வீடாகக் கணக்கெடுப்புப் படிவம் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுக்கச் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. சென்னை மாவட்டத்தில் மட்டும் சுமார் 14 லட்சம். இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகள் ஒருபுறம் இருக்க, மிகப் பெரிய பங்கு முகவரியில் இல்லாதவர்கள், இடம்பெயர்ந்தவர்கள் என்ற கணக்கில் போனது. அவர்களில் உண்மையாகவே காலி செய்தவர்கள் நிறைய. அடுத்த தெருவுக்கு மாறியவர்களும் பகலில் வேலைக்குப் போனவர்களும் அந்தக் கணக்கில் விழக்கூடும் என்பதை வாடகைவாசிகள் மறக்கக் கூடாது.

செய்ய வேண்டியது கடினம் அல்ல. குடியிருப்பு நலச் சங்கம் வைத்திருப்பவர்கள், ஒவ்வொரு வீட்டிலும் உள்ள வாக்காளர் பெயர், பாகம் எண், தொலைபேசி எண் எழுதிய ஒரு தாளைச் செயலாளரிடம் கொடுத்து வையுங்கள். தொலைபேசி எண்கள் உள்ள தாளை வாசலில் ஒட்ட வேண்டாம். பி.எல்.ஓ. வந்தால் செயலாளருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று வாட்ச்மேனிடம் சொல்லி வையுங்கள். பி.எல்.ஓ.வின் பெயரும் எண்ணும் ஆணையத்தின் தளத்தில் உங்கள் பெயரைத் தேடினாலே கிடைக்கும். அவரை ஒருமுறை அழைத்து, "அம்மா, நாங்க இந்தத் தெருவுல இருக்கோம், எப்ப வருவீங்க?" என்று கேட்டு வைப்பது போதும். வெயிலில் மாடி மாடியாக ஏறி இறங்குகிறவருக்கு ஒரு நாற்காலியும் தண்ணீரும் கொடுத்து, வீட்டிலிருப்பவர்களைக் கீழே வரச் சொன்னால் ஒரு மணி நேரத்தில் முழுக் குடியிருப்பும் முடிந்துவிடும். வரைவுப் பட்டியல் வெளியானதும் பெயரைத் தேடுங்கள். அப்போது இல்லையென்று தெரிந்தால் உரிமை கோர அவகாசம் இருக்கிறது. தேர்தல் அறிவித்தபின் அது ஏறக்குறைய இல்லை.

பழைய ஹவுசிங் போர்டு குடியிருப்புகளை இடித்துக் கட்டும்போது இன்னொரு சிக்கல். மொத்தக் குடும்பங்களும் இரண்டு மூன்று வருடம் வெளியே வாடகைக்குப் போகின்றன. திரும்பி வரப் போகிறோமே என்று பெயரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இடித்த கட்டடத்தின் முகவரியில் பி.எல்.ஓ. யாரைத் தேட முடியும்? தற்காலிக வீடாக இருந்தாலும் அங்கே மாற்றிக்கொள்ளுங்கள், திரும்பி வந்தபின் மறுபடி படிவம் 8 கொடுங்கள். இதற்குக் கட்டணம் ஏதும் கிடையாது.

வீட்டிலிருந்தே வாக்களிப்பது

லிப்ட் இல்லாத மூன்று மாடிக் கட்டடங்களில் தனியாக இருக்கும் பெரியவர்கள் இந்தப் பகுதியில் அதிகம். 85 வயதைத் தாண்டியவர்களும், 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ளதாகச் சான்று வைத்திருப்பவர்களும் வீட்டிலிருந்தே தபால் வாக்குச் செலுத்தலாம். 2024இல் இருந்த விதி இது. படிவம் 12டி கொடுக்க வேண்டும். தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள். அலுவலர்கள் குழு வீட்டுக்கு வரும், மறைவாக வாக்குக் குறித்து உறையிலிட்டு ஒட்டி வாங்கிக்கொண்டு போகும். ஒன்றை மட்டும் பெரியவர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: 12டி ஏற்கப்பட்டுவிட்டால் வாக்குப்பதிவு நாளில் பூத்துக்குப் போய் ஓட்டுப் போட முடியாது. "உடம்பு நல்லா இருந்தா நேர்ல போறேன்" என்று நினைக்கும் பாட்டிகள் படிவம் கொடுக்காமல் இருப்பதே நல்லது. நேரில் போகிறவர்களுக்குச் சக்கர நாற்காலி கேட்கலாம், வரிசையில் நிற்கவும் வேண்டியதில்லை.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. படிவம் 6ஏ மூலம் பாஸ்போர்ட் முகவரியில் பெயர் சேர்க்கலாம், ஆனால் நேரில் வந்துதான் வாக்களிக்க வேண்டும். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்களுக்கு ஓட்டு கிடையாது.

வேட்பாளரைத் தெரிந்துகொள்வது

வேட்பாளருக்கு 25 வயது நிரம்பியிருக்க வேண்டும். வைப்புத்தொகை ரூ.25,000, பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அது திரும்ப வராது. ஒவ்வொருவரும் படிவம் 26இல் பிரமாணப் பத்திரம் கொடுக்கிறார்கள்: சொத்து, கடன், படிப்பு, குற்ற வழக்குகள். உச்ச நீதிமன்றம் 2002, 2003இல் அளித்த தீர்ப்புகளால் நமக்குக் கிடைத்த ஆவணம் இது. ஆணையத்தின் தளத்தில் யாரும் படிக்கலாம். கட்சித் துண்டறிக்கையைப் படிக்கும் நேரத்தில் மூன்று முக்கிய வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களைப் படித்துவிட முடியும். வழக்குப் பட்டியலைப் பார்க்கும்போது நிதானம் தேவை: மறியல் செய்ததற்காகப் போடப்பட்ட வழக்கும் மோசடி வழக்கும் ஒன்றல்ல. எந்தப் பிரிவு, குற்றச்சாட்டு பதிவாகிவிட்டதா, எந்த நீதிமன்றம் என்று பாருங்கள்.

இந்தத் தொகுதி யார் யாரை அனுப்பியிருக்கிறது என்று தெரிந்தால் உங்கள் ஓட்டின் எடை புரியும். 1957இல் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, அப்போது அவர் நாட்டின் நிதியமைச்சர். 1962இல் நாஞ்சில் கி. மனோகரன். 1967இல் அண்ணா இங்கே நின்று மக்களவைக்கு வென்றார். சட்டமன்றத்தில் தி.மு.க.வுக்குப் பெரும்பான்மை கிடைத்ததும் எம்.பி. பதவியை விட்டு முதலமைச்சரானார், இடைத்தேர்தலில் முரசொலி மாறன் வந்தார். 1977, 1980இல் ஆர். வெங்கட்ராமன், பின்னாளில் குடியரசுத் தலைவர். 1984இல் வைஜயந்திமாலா, நாடாளுமன்றத்தில் பழம் தின்று கொட்டை போட்ட இரா. செழியனைத் தோற்கடித்தார், 1989இலும் அவரே. 1996 முதல் நான்கு முறை தொடர்ந்து டி.ஆர். பாலு. கட்சிகளை மாற்றி மாற்றிப் பார்த்த தொகுதி இது. எந்தக் கட்சியும் இதைத் தன் பட்டாநிலம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

வாக்குப்பதிவு நாள்

காலை ஏழு முதல் மாலை ஆறு வரை. ஆறு மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கன் கொடுத்து எல்லாரையும் வாக்களிக்க விடுவார்கள். சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டியது தனியார் நிறுவனத்துக்கும் சட்டப்படி கடமை.

பூத் சிலிப் என்பது அடையாளச் சான்று அல்ல. 2019 முதல் அதை மட்டும் காட்டி வாக்களிக்க முடியாது. வாக்காளர் அட்டை, இல்லையென்றால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, பாஸ்போர்ட், புகைப்படம் உள்ள வங்கி அல்லது அஞ்சலகப் புத்தகம், புகைப்படம் உள்ள ஓய்வூதிய ஆவணம் போன்றவற்றில் ஒன்று போதும். செல்போனை வாக்குச்சாவடிக்குள் கொண்டுபோக முடியாது. வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

உள்ளே முதல் அலுவலர் உங்கள் பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படிப்பார். கட்சி முகவர்கள் தங்கள் பட்டியலில் அடித்துக்கொள்வார்கள். அடுத்தவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, சீட்டு ஒன்றைத் தருவார். மூன்றாமவர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு கட்டுப்பாட்டுக் கருவியில் பொத்தானை அழுத்தினால்தான் உங்கள் இயந்திரம் உயிர் பெறும். பச்சை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

2024இல் தென் சென்னையில் 41 வேட்பாளர்கள். ஓர் இயந்திரத்தில் 16 பொத்தான்கள்தான் என்பதால் மூன்று இயந்திரங்கள் அடுத்தடுத்து இருந்தன. மறைப்புக்குள் போனதும் முதல் இயந்திரத்தில் தேடிவிட்டு, "நம்ம ஆள் பேரே இல்லையே" என்று பதற வேண்டாம். பெயர்கள் மூன்று தொகுப்பாக, ஒவ்வொரு தொகுப்பிலும் தமிழ் அகரவரிசையில் வரும்: முதலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சியினர், பிறகு பதிவு மட்டும் செய்த கட்சியினர், கடைசியில் சுயேச்சைகள். எல்லாருக்கும் கடைசியில் நோட்டா. ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் நின்றால் குழம்பாமல் இருக்கத்தான் புகைப்படம். பொத்தானை அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரியும், பக்கத்துக் கருவியின் கண்ணாடிக்குள் அச்சிட்ட சீட்டு ஏழு விநாடி தெரிந்து பெட்டிக்குள் விழும், பீப் ஒலி வரும். அந்த ஏழு விநாடியும் நின்று பாருங்கள். சீட்டில் வேறு பெயர் வந்தால் உடனே தலைமை அலுவலரிடம் சொல்லலாம். எழுத்தில் உறுதிமொழி வாங்கி, முகவர்கள் முன்னிலையில் சோதனை வாக்குப் போட்டுப் பார்ப்பார்கள். பொய்ப் புகார் என்று தெரிந்தால் தண்டனை உண்டு.

உங்கள் பெயரில் வேறு யாரோ ஏற்கெனவே ஓட்டுப் போட்டுவிட்டுப் போயிருந்தால் சத்தம் போட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள். நீங்கள்தான் அவர் என்று தலைமை அலுவலருக்கு உறுதியானால் "டெண்டர் ஓட்டு" என்ற காகித வாக்குச்சீட்டைத் தர வேண்டும். அதில் குத்திக் கொடுத்தால் தனி உறையில் வைப்பார்கள். வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது. ஆனாலும் கள்ள ஓட்டு விழுந்தது என்பதற்கு அரசு ஆவணமாக நிற்பது அந்த உறை ஒன்றுதான். தேர்தல் வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் அதைத் திறந்து பார்க்க முடியும்.

பணம் கொடுப்பதைக் கண்டால் சி-விஜில் செயலியில் படமோ காணொலியோ எடுத்து அனுப்பலாம். நூறு நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அதன் இலக்கு. 2019இல் வேலூர்த் தொகுதியில் பெரும் பணம் பிடிபட்டதால் தேர்தலையே ரத்து செய்து, ஆகஸ்ட் 5ஆம் தேதி தனியாக நடத்தினார்கள்.

ஓட்டுப் போட்டபின் எம்.பி.யிடம் எதைக் கேட்பது?

கழிவுநீர் அடைப்பு, தெருவிளக்கு, குப்பை ஆகியவற்றுக்கு எம்.பி.யிடம் போய்ப் பயனில்லை. அவை மாநகராட்சியிலும் குடிநீர் வாரியத்திலும் முடிபவை. உங்கள் கவுன்சிலரைப் பிடியுங்கள். எம்.பி.யிடம் கேட்க வேண்டியவை நம்மைச் சுற்றியே இருக்கின்றன. அசோக் நகர் மெட்ரோ நிலையம் 2015இல் திறந்தது. அதை நடத்தும் நிறுவனத்தில் மத்திய, மாநில அரசுகளுக்குச் சமபங்கு. கோடம்பாக்கம், வடபழனி வழியாகப் பூந்தமல்லி போகும் பாதையும் அடங்கிய இரண்டாம் கட்டத் திட்டத்துக்கு ரூ.63,246 கோடி மதிப்பீட்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2024 அக்டோபரில்தான். அதற்காக மக்களவையில் எத்தனையோ முறை கேள்வி எழுப்ப வேண்டியிருந்தது. கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் வருவது. வருங்கால வைப்பு நிதி, பாஸ்போர்ட், அஞ்சலகம், மாம்பலம் ரயில் நிலையம் எல்லாமும் மத்திய அரசின் கீழ்தான்.

அசோக் நகர் கேந்திரிய வித்யாலயாவில் எம்.பி. சிபாரிசில் இடம் வாங்கலாம் என்று இன்னும் நம்புகிறவர்கள் உண்டு. ஓர் எம்.பி.க்குப் பத்து இடம் என்றிருந்த அந்த ஒதுக்கீட்டை 2022இல் நிறுத்திவிட்டார்கள். யாராவது வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டால் ஏமாற்று.

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு ரூ.5 கோடி. பணம் எம்.பி. கைக்கு வராது, அவர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் நிறைவேற்றும். ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்கு அந்தத் தொகையைப் பங்கிட்டால் ஒரு பேட்டைக்கு எவ்வளவு வரும் என்று பாருங்கள். பள்ளிக்கு வகுப்பறை, நூலகத்துக்குக் கட்டடம் என்று குறிப்பாகக் கேட்கும் மனுவுக்குத்தான் பலன் கிடைக்கும்.

எம்.பி.யின் பெரிய ஆயுதம் கேள்வி. நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும். மற்றவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். கேள்விக்குப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு தேவை. ஆகவே குளிர்காலக் கூட்டத்தொடருக்கு ஒரு மாதம் முன்பே, அக்டோபர் வாக்கில், சங்கத்தின் கடிதம் தொகுதி அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஒரு கடிதத்தில் ஒரே விஷயம். எந்த அமைச்சகம், எந்த ஆண்டு முதல், எவ்வளவு தொகை, எப்போது முடியும் என்று கேள்வியை நீங்களே எழுதிக் கொடுங்கள், எம்.பி. அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு அது வேலையைக் குறைக்கும். ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். அமைச்சர் தந்த பதில் மக்களவையின் இணையதளத்தில் கேள்வி எண்ணோடும் தேதியோடும் கிடைக்கும். அதை அச்செடுத்துச் சங்கக் கோப்பில் வைத்து, அமைச்சர் சொன்ன கெடு முடிந்ததும் அந்தக் கேள்வி எண்ணைக் குறிப்பிட்டே அடுத்த கடிதத்தை எழுதுங்கள்.